நாற்பது ஏக்கரா, ஓட்டா, காவலா? அடிமைமுறை ஒழிந்த அமெரிக்கத் தெற்கில் முதலில் உடைந்தது எது

கரிசல் வாசகி எழுதியது:

ஒரு மாதமாக அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு வந்த பன்னிரண்டு ஆண்டுகளைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன். போரைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரியும். லிங்கன், அடிமை ஒழிப்பு, ஆறு லட்சத்துக்கும் மேல் சாவு. பாடப்புத்தகம் அதோடு பக்கத்தைத் திருப்பிவிடும். 1865 ஏப்ரலில் துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்ததற்கு மறுநாள் காலையில் அந்த மக்கள் என்ன செய்தார்கள் என்பதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

சுமார் 40 லட்சம் பேர். நேற்றுவரை இன்னொருவருடைய சொத்து. இன்று விடுதலை. கையில் காசு கிடையாது. படுத்திருக்கும் குடிசை பழைய எஜமானின் நிலத்தில் இருக்கிறது. மண்வெட்டியும் அவனுடையது. அண்ணன் எந்த மாநிலத்துக்கு விற்கப்பட்டான் என்று தெரியாது.

அடுத்த ஐந்தே ஆண்டில் அரசியல் சட்டத்துக்கு மூன்று திருத்தங்கள் வருகின்றன. 13-ஆவது அடிமைமுறையை ஒழிக்கிறது. 14-ஆவது குடியுரிமையையும் சட்டத்தின் சமமான பாதுகாப்பையும் தருகிறது. 15-ஆவது, இனத்தையோ நிறத்தையோ காட்டி ஓட்டுரிமையை மறுக்காதே என்கிறது. 1867-ல் தெற்கு முழுவதும் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பின ஆண்கள் வாக்காளர் பட்டியலில் ஏறுகிறார்கள். 1870 பிப்ரவரியில் ஹைரம் ரெவல்ஸ் என்ற கறுப்பினத்தவர் மிசிசிப்பியின் சார்பில் செனட்டில் போய் உட்காருகிறார். உலகத்தில் அதற்கு முன் இப்படி நடந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் இதைப் பாருங்கள். லூசியானா மாநிலத்தில் 1896-ல் பதிவு செய்திருந்த கறுப்பின வாக்காளர்கள் 1,30,334 பேர். 1904-ல் 1,342. பூஜ்யம் ஏதாவது விட்டுப்போய்விட்டதா என்று இரண்டு மூன்று இடங்களில் சரிபார்த்தேன். விட்டுப்போகவில்லை.

எங்கே உடைந்தது? 1877-ல் தெற்கில் நின்ற மத்தியப் படை பின்வாங்கியதோடு முடிந்தது என்பார்கள். என் கணிப்பு வேறு. 1865 இலையுதிர் காலத்திலேயே, கொடுத்த நிலத்தைத் திரும்பப் பிடுங்கிய அன்றைக்கே, பின்னால் வரப்போகிற எல்லாவற்றுக்கும் விதை விழுந்துவிட்டது. நிலம் இல்லாதவனுக்குக் கொடுத்த ஓட்டு, நிலம் வைத்திருப்பவனின் தயவில் வாழும் ஓட்டு. இதில் மாற்றுக் கருத்து இருப்பவர்கள் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

---

மதுரை வக்கீல் எழுதியது:

அம்மா, இழைக்கு நன்றி. மாற்றுக் கருத்து இருக்கிறது, அதனால்தான் வந்தேன்.

நிலம் முக்கியம், மறுக்கவில்லை. ஆனால் பட்டா என்பதும் ஒரு காகிதம். அதைக் காப்பாற்ற ஒரு நீதிமன்றமும், நீதிமன்றத்தின் உத்தரவை நிறைவேற்ற ஒரு ஆளும் வேண்டும். அந்த இரண்டும் எப்போது போயின என்று பார்த்தால் 1873-க்கும் 1876-க்கும் நடுவில் வந்து நிற்கிறோம்.

1873 ஏப்ரல் 13, ஈஸ்டர் ஞாயிறு. லூசியானாவில் கோல்ஃபாக்ஸ் என்ற ஊர். தேர்தலில் யார் ஜெயித்தார்கள் என்ற தகராறில் கறுப்பின மக்கள் கோர்ட்டுக் கட்டடத்தைக் காவல் காத்து நின்றார்கள். ஆயுதம் தாங்கிய வெள்ளையர் கூட்டம் ஒரு சிறு பீரங்கியோடு வந்தது. கட்டடத்துக்குத் தீ வைத்தது. சரணடைந்தவர்களையும் அன்றிரவே சுட்டுக் கொன்றது. செத்தவர்கள் எத்தனை பேர் என்று இன்றுவரை சரியான கணக்குக் கிடையாது. குறைந்த மதிப்பீடே 60-க்கு மேல், அதிக மதிப்பீடு 150 வரை போகிறது.

மறுநாள், ஏப்ரல் 14 அன்று, வாஷிங்டனில் உச்ச நீதிமன்றம் சம்பந்தமே இல்லாத ஒரு வழக்கில் தீர்ப்புச் சொல்கிறது. நியூ ஆர்லியன்ஸ் கசாப்புக்காரர்கள் போட்ட வழக்கு. அதில் 14-ஆவது திருத்தத்தின் ஒரு முக்கியமான வாசகத்தை, குடிமகனின் சலுகைகளையும் உரிமைகளையும் பற்றிய வாசகத்தை, எலும்பும் தோலுமாக ஆக்கிவிட்டார்கள். அந்தச் செய்தி கோல்ஃபாக்ஸில் பிணம் புதைத்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரிந்திருக்காது.

கோல்ஃபாக்ஸ் கொலையாளிகளில் ஏறத்தாழ நூறு பேர்மேல் குற்றச்சாட்டு. தண்டனை பெற்றவர்கள் மூன்றே பேர். அதுவும் கொலைக்காக இல்லை, உரிமையைப் பறிக்கச் சதி செய்ததற்காக. 1876-ல் க்ரூக்ஷாங்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த மூவரையும் விட்டுவிட்டது. 14-ஆவது திருத்தம் மாநில அரசின் கையைத்தான் கட்டும், தனி ஆட்கள் செய்யும் வன்முறையை மத்திய அரசு இதன் கீழ் தண்டிக்க முடியாது, மாநிலத்திடம் போய் முறையிடு என்றார்கள். மாநிலத்தின் ஷெரீஃப் யார்? பல ஊர்களில் அந்தக் கூட்டத்திலேயே நின்றவன்.

வக்கீலாக இருபது வருஷம் கோர்ட் வாசலில் நின்றிருக்கிறேன். "இது எங்கள் அதிகார வரம்புக்குள் வராது" என்ற ஒரு வரிக்கு எவ்வளவு பேரைக் கொல்லும் சக்தி உண்டு என்பதை இந்தத் தீர்ப்பைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். என்னைக் கேட்டால் உடைந்த இடம் அதுதான்.

---

ஓய்வு பெற்ற வாத்தியார் எழுதியது:

இரண்டு பேரும் நன்றாகச் சொல்கிறீர்கள். புதிதாக வாசிப்பவர்களுக்காக நடுவில் ஒரு கண்ணியைச் சேர்க்கிறேன். ஆண்ட்ரூ ஜான்சன்.

லிங்கன் கடைசியாகப் பேசியது 1865 ஏப்ரல் 11. கறுப்பினத்தவரில் படித்தவர்களுக்கும் படையில் பணிபுரிந்தவர்களுக்கும் ஓட்டு கொடுக்கலாம் என்று அன்று வெளிப்படையாகச் சொன்னார். கூட்டத்தில் நின்று கேட்டவர்களில் ஜான் வில்க்ஸ் பூத்தும் ஒருவன். 14-ஆம் தேதி லிங்கனைச் சுட்டான். துணை ஜனாதிபதி ஜான்சன் ஜனாதிபதி ஆனார். டென்னசிக்காரர், ஏழையாகப் பிறந்தவர், தையல் தொழில் செய்தவர். பெரிய பண்ணையார்கள்மேல் அவருக்கு வெறுப்பு உண்டு. ஆனால் கறுப்பின மக்களைச் சமமாக நினைக்க அவருக்குக் கடைசிவரை மனம் வரவில்லை.

போரில் எதிர்த்து நின்ற தென் மாநிலத்தவர்களுக்கு மே மாதமே பொது மன்னிப்பு அறிவித்தார். அடிமைகளைத் தவிர மற்ற எல்லாச் சொத்தும் திரும்பக் கிடைக்கும். இருபதாயிரம் டாலருக்கு மேல் சொத்து வைத்திருந்தவர்கள் மட்டும் நேரில் மனுப் போட வேண்டும். போட்டார்கள், கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் பழைய ஆட்களே தெற்கின் சட்டசபைகளில் உட்கார்ந்து 'கறுப்புச் சட்டங்கள்' இயற்றிவிட்டார்கள். மிசிசிப்பியில் ஒவ்வொரு ஜனவரியிலும் ஒரு கறுப்பினத்தவர் தனக்கு வேலை இருப்பதற்கு எழுத்துச் சான்று காட்ட வேண்டும். இல்லாவிட்டால் வேலையில்லாமல் திரிந்த குற்றம். அபராதம் கட்ட முடியாதவரை, கட்டுகிறவனிடம் கூலிக்கு விட்டுவிடுவார்கள். நகரத்துக்கு வெளியே அவர் நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கவும் தடை. தென் கரோலினாவில் விவசாய வேலை, வீட்டு வேலை தவிர வேறு தொழில் செய்ய வேண்டுமானால் ஆண்டுக்கு 10 முதல் 100 டாலர் வரை வரி.

கரிசல் அம்மாவுக்கு வலுச் சேர்ப்பது அந்தக் குத்தகைத் தடைதான். பண்ணையார்களுக்கு எது பயம் என்பதை அவர்கள் எழுதிய சட்டமே காட்டிக்கொடுக்கிறது. முதல் சட்டசபையிலேயே நிலத்தின் வாசலை அடைத்தார்கள்.

இதையெல்லாம் பார்த்த பிறகுதான் வடக்கில் கோபம் மூண்டது. 1866-ல் குடியுரிமைச் சட்டத்தை ஜான்சன் வீட்டோ போட்டுத் தடுக்க, காங்கிரஸ், அதாவது அந்நாட்டு நாடாளுமன்றம், அந்தத் தடையையே மீறி நிறைவேற்றியது. 1867-ல் பத்துத் தென் மாநிலங்களை ஐந்து ராணுவ மாவட்டங்களாகப் பிரித்து, கறுப்பின ஆண்களும் ஓட்டுப் போட்டுப் புது அரசியல் சட்டம் எழுதினால்தான் திரும்பச் சேர்ப்போம் என்றது. 1868-ல் ஜான்சன்மேல் பதவி நீக்க விசாரணை, ஒரே ஓட்டில் தப்பினார்.

---

புதுப்பாதை எழுதியது:

கல்லூரி மாணவன். ஒரு சந்தேகம். '40 ஏக்கரும் ஒரு கோவேறு கழுதையும்' என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அது நிஜமாகவே கொடுத்த நிலமா, இல்லை வெறும் வாக்குறுதியா? யார் கேட்டு யார் கொடுத்தது?

---

கரிசல் வாசகி எழுதியது:

தம்பி, நல்ல கேள்வி. கொடுத்தார்கள். கையில் கொடுத்துவிட்டுப் பிடுங்கினார்கள். இதை நான் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும்.

1865 ஜனவரி 12, ஜார்ஜியாவில் சவானா நகரம். வடக்குப் படையின் ஜெனரல் ஷெர்மன் தங்கியிருந்த மாளிகையின் மாடி. போர்த்துறை அமைச்சர் ஸ்டான்டன் வாஷிங்டனிலிருந்து வந்திருக்கிறார். எதிரே இருபது கறுப்பின மதகுருக்கள். பலர் போர் வரும்வரை அடிமைகளாக இருந்தவர்கள். அவர்கள் சார்பில் பேசியவர் காரிசன் ஃப்ரேசியர், வயது 67. எட்டு வருஷத்துக்கு முன்னால் தன்னையும் தன் மனைவியையும் ஆயிரம் டாலர் பொன்னும் வெள்ளியுமாகக் கொடுத்துத் தானே விலைக்கு வாங்கியவர்.

அடிமைமுறை என்றால் என்னவென்று புரிந்துகொண்டிருக்கிறீர்கள் என்று கேட்கிறார் அமைச்சர். இன்னொருவனின் உழைப்பை அவன் சம்மதம் இல்லாமல், எதிர்க்க முடியாத பலத்தால் பெற்றுக்கொள்வது என்கிறார் ஃப்ரேசியர். உங்களை நீங்களே எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள் என்று அடுத்த கேள்வி. நிலம் வேண்டும், அதை எங்கள் உழைப்பில் உழுது பயிரிட வேண்டும் என்கிறார். அந்தக் கேள்வி பதிலை உட்கார்ந்து எழுதி வைத்திருக்கிறார்கள். படிக்கும்போது எனக்குத் தோன்றியது, அந்த அறையில் இருந்தவர்களிலேயே மிகத் தெளிவாக இருந்தவர் அந்தக் கிழவர்தான்.

நாலு நாள் கழித்து ஷெர்மனின் 15-ஆம் எண் களஉத்தரவு. சார்லஸ்டனுக்குத் தெற்கே கடலோரத் தீவுகள், ஆற்றங்கரை நெல் வயல்கள், ஃப்ளோரிடாவின் செயின்ட் ஜான்ஸ் ஆறுவரை. குடும்பத்துக்கு 40 ஏக்கருக்கு மிகாமல். பிறகு படையில் மிஞ்சிய கோவேறு கழுதைகளையும் சிலருக்குக் கொடுத்தார்கள். ஜூன் மாதத்துக்குள் சுமார் 40,000 பேர் 4 லட்சம் ஏக்கரில் குடியேறிவிட்டார்கள். விதைத்தார்கள்.

வாத்தியார் சொன்ன மன்னிப்பு அறிவிப்பு வந்தது. ஃப்ரீட்மென்ஸ் பீரோ என்ற விடுதலை பெற்றோர் நல அலுவலகத்தின் தலைவர் ஜெனரல் ஹோவர்டு நிலத்தைக் காப்பாற்ற ஒரு சுற்றறிக்கை விட்டார். ஜான்சன் அதை ரத்து செய்து, அவரையே தீவுக்கு அனுப்பினார், நீயே போய் மக்களிடம் சொல் என்று. அக்டோபரில் தென் கரோலினாவின் எடிஸ்டோ தீவின் தேவாலயம் நிரம்பிவிட்டது. நிலம் பழைய சொந்தக்காரர்களுக்கே போகிறது என்று அவர் சொல்லத் தொடங்கியதும் கூட்டம் கொந்தளித்தது. ஒரு பெண் சோகமான பாட்டு ஒன்றைத் தொடங்க, கூடியிருந்த அத்தனை பேரும் சேர்ந்து பாடினார்கள் என்று ஹோவர்டே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

தீவு மக்கள் ஒரு குழு அமைத்து அவருக்குக் கடிதம் எழுதினார்கள். ஹோவர்டு போரில் வலது கையை இழந்தவர். அதைச் சொல்லித்தான் கேட்கிறார்கள்: பழைய சொந்தக்காரர்களை மன்னிக்கச் சொல்கிறீர்கள், நீங்கள் இழந்தது ஒரு கை, நீங்கள் மன்னிக்கலாம். என்னை மரத்தில் கட்டி 39 கசையடி அடித்தவனை, என் தாயையும் தமக்கையையும் துணி உரித்து அடித்தவனை, இப்போது அவன் நிலத்தில் அவன் சொல்லும் விலைக்கு நான் வேலை செய்தால்தான் எனக்கு ஒரு குடிசையாவது தருவேன் என்கிறவனை நான் எப்படி மன்னிப்பது?

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். 1862-லேயே குடியேற்றச் சட்டம் போட்டு, மேற்கே போய்ப் பயிரிடுகிற எவருக்கும் 160 ஏக்கர் கொடுத்துக்கொண்டிருந்த அரசாங்கம் இது. அங்கே போய்ச் சேரக் கைமுதல் உள்ளவர்கள் வாங்கிக்கொண்டார்கள். நிலம் இல்லாத நாடு இல்லை.

---

மேற்குமலை எழுதியது:

வேறு ஒரு பக்கமும் உண்டே. வடக்கிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் கஜானாவைச் சூறையாடினார்கள், படிக்காத மக்கள் சட்டசபையில் உட்கார்ந்து கடனை ஏற்றினார்கள், அதனால்தான் அந்த ஆட்சிகள் விழுந்தன என்று பழைய வரலாற்றுப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். அதையும் பேச வேண்டாமா?

---

ஓய்வு பெற்ற வாத்தியார் எழுதியது:

பேசலாம் ஐயா. நானும் அதைப் படித்து, சில வருஷம் வகுப்பில் அப்படியே சொல்லியும் இருக்கிறேன். அதற்காக இன்றைக்கும் வருத்தப்படுகிறேன்.

ஊழல் இருந்தது. ரயில்வே கம்பெனிகளுக்குக் கடன் பத்திரம் கொடுத்ததில், தென் கரோலினாவின் நிலக் கமிஷனில், லஞ்சம் புகுந்தது உண்மை. ஆனால் அதே ஆண்டுகளில் நியூயார்க் நகரத்தில் ட்வீட் என்பவரின் கூட்டம் கொள்ளையடித்தது. அதைக் காட்டி, வெள்ளையர்களுக்கு ஓட்டுப் போடத் தகுதி இல்லை என்று யாரும் சொல்லவில்லை. கறுப்பினத்தவர் ஆட்சி என்ற பேச்சே மிகை. தென் கரோலினாவின் கீழ்சபையில் மட்டும்தான் அவர்களுக்கு நிலையான பெரும்பான்மை இருந்தது. எந்த மாநிலத்திலும் ஒரு கறுப்பினத்தவர் கவர்னராகத் தேர்ந்தெடுக்கப்படவில்லை. லூசியானாவில் பிஞ்ச்பேக் சில வாரம் பொறுப்பு வகித்தார், அவ்வளவே.

கடன் எதற்கு ஏறியது என்று பாருங்கள். அதுவரை தெற்கில் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்குமான இலவசப் பள்ளி என்பதே பெயரளவுக்குத்தான். 1868-ஐ ஒட்டி எழுதப்பட்ட புதிய மாநில அரசியல் சட்டங்கள்தான் அதை அரசின் கடமை ஆக்கின. ஏழை வெள்ளையரின் பிள்ளைகளும் அந்தச் சட்டங்களால் வந்த பள்ளிகளில்தான் படித்தார்கள். 1870 கணக்கெடுப்பில் கறுப்பின மக்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் 80 சதவீதம். 1900-ல் 45. பகலெல்லாம் பருத்தி எடுத்துவிட்டு இரவில் பேரப்பிள்ளையோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிய பாட்டிகளும் இந்தக் கணக்கில் இருக்கிறார்கள். நாற்பது வருஷம் சாக்பீஸ் பிடித்தவனுக்கு அது என்ன உழைப்பு என்று தெரியும்.

நம் பக்கத்தில் இதைக் கூர்ந்து கவனித்த ஒருவர் உண்டு. மகாராஷ்டிரத்தில் ஜோதிராவ் புலே, 1873-ல் வெளியிட்ட தம் நூலை, அடிமைகளை விடுவித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். தம் நாட்டவரும் அந்த முன்மாதிரியைப் பின்பற்ற வேண்டும் என்று அதில் எழுதினார்.

---

கரோலினாவாசி எழுதியது:

வணக்கம். பத்து வருஷமாகத் தென் கரோலினாவில் இருக்கிறேன். வாசகி அக்காவின் வாதத்துக்கு என்னிடம் ஒரு சாட்சி இருக்கிறது. ஒரு ஊரே சாட்சி.

பியூஃபோர்ட் என்ற கடலோர ஊர். அதை ஒட்டி செயின்ட் ஹெலினா தீவு. கருவாலி மரங்கள் இருபுறமும் கவிந்து, பாசி சடைசடையாகத் தொங்கும். 1861 நவம்பரிலேயே வடக்கின் கடற்படை இங்கே வந்துவிட்டது. பண்ணையார்கள் ஒரே நாளில் ஓடிவிட்டார்கள். சுமார் பத்தாயிரம் அடிமைகள் ஓடாமல் நின்றார்கள். அடுத்த வருஷமே அங்கே பென் பள்ளி தொடங்கியது. பள்ளி வளாகம் இன்றும் இருக்கிறது. அங்கே செங்கல் தேவாலயம் ஒன்று உண்டு, அடிமைகள் கட்டியது. செங்கல் சுவரில் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன்.

சவானா நிலத்துக்கும் இந்த ஊர் நிலத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம். இங்கே பண்ணையார்கள் மத்திய நிலவரியைக் கட்டாமல் ஓடியதால், 1863-லும் 64-லும் அந்த நிலங்களை வரிபாக்கிக்காக ஏலம் விட்டார்கள். விடுதலை பெற்றவர்கள் பலர் காசைச் சேர்த்துப் போட்டு ஏலத்தில் எடுத்தார்கள். அதாவது கிரயப் பத்திரம். ஜான்சனால் இதைத் தொட முடியவில்லை.

இந்த ஊர்க்காரர்தான் ராபர்ட் ஸ்மால்ஸ். 1862 மே 13, விடியும் முன், சார்லஸ்டன் துறைமுகத்தில் பிளான்டர் என்ற தென்படைக் கப்பலை, வெள்ளை அதிகாரிகள் கரையில் தூங்கப் போன நேரத்தில் எடுத்துக்கொண்டு கிளம்பினார். வயது 23. வழியில் மனைவி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டார். கேப்டனின் வைக்கோல் தொப்பியைத் தலையில் வைத்து, ஒவ்வொரு கோட்டையைத் தாண்டும்போதும் சரியான விசில் அடையாளம் கொடுத்து, சம்டர் கோட்டையையும் தாண்டி வடக்குக் கப்பற்படையிடம் போய்ச் சேர்ந்தார். பிறகு பியூஃபோர்ட்டில், தன் தாய் அடிமையாக வேலை செய்த அந்த எஜமான் வீட்டையே வரிபாக்கி ஏலத்தில் வாங்கினார். பழைய சொந்தக்காரர் தரப்பில் வழக்குப் போட்டார்கள். வக்கீல் சார் கவனிக்கணும், வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1878-ல் ஸ்மால்ஸ் பக்கம் தீர்ப்பு. அதாவது படை போய் ஒரு வருஷம் கழித்து.

அதனால் என்ன ஆயிற்று? 1877-ல் எல்லாம் முடிந்தது என்கிறார்களே, இந்த மனிதர் இடையில் தோற்றும் ஜெயித்தும் 1887 வரை காங்கிரஸ் சபையில் இருந்தார். ஓட்டுப் போட்டவர்கள் பெரும்பாலும் சொந்த நிலத்துக்காரர்கள். விளைச்சலில் பங்கு என்று வாரத்துக்கு உழுதவனை "இந்தப் பக்கம் ஓட்டுப் போட்டால் நாளைக்குக் குடிசையைக் காலி செய்" என்று மிரட்டலாம். தன் பத்து ஏக்கரில் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் பருத்தியும் போடுகிறவனை அப்படி மிரட்ட முடியாது.

ஸ்மால்ஸின் வீடு இன்றும் பிரின்ஸ் தெருவில் நிற்கிறது.

---

ஆய்வு மாணவி எழுதியது:

கரோலினாவாசி அண்ணா சொன்ன 'வாரம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்கிறேன். என் ஆய்வு இதைச் சுற்றித்தான்.

நிலம் போன பிறகு நடந்ததைக் கணக்காகப் பார்த்தால் தெளிவாகப் புரியும். நிலம் பண்ணையாருடையது. மாடும் கலப்பையும் அவர் கொடுத்தால் விளைச்சலில் பாதி அவருக்கு. அறுவடைவரை சாப்பிட மாவும் பன்றிக்கறியும் வேண்டும், ஊர்க்கடையில் கடன். கடனுக்கு ஈடு, இன்னும் முளைக்காத பயிர். கடன் விலை ஒன்று, ரொக்க விலை ஒன்று. டிசம்பரில் கணக்குத் தீர்க்க உட்காரும்போது புத்தகம் கடைக்காரர் கையில். "இந்த வருஷமும் கொஞ்சம் பாக்கி நிற்கிறது." பாக்கியை அடைக்க அடுத்த வருஷமும் பருத்திதான் போட வேண்டும், சாப்பாட்டுப் பயிர் போட முடியாது. பருத்தி விலை 1873 நெருக்கடிக்குப் பிறகு விழுந்துகொண்டே போனது.

கொஞ்சம் மிச்சம் பிடித்தவர்கள் ஃப்ரீட்மன்ஸ் வங்கியில் போட்டார்கள். பீரோ தொடங்கிய அதே நாளில், 1865 மார்ச் 3, சட்டம் போட்டுத் தொடங்கிய வங்கி. அரசாங்கம் பின்னால் நிற்கிறது என்று நம்பினார்கள், நிற்கவில்லை. நிர்வாகிகள் கண்டபடி கடன் கொடுத்தார்கள். கடைசி நேரத்தில், அடிமையாகப் பிறந்து அடிமை ஒழிப்புக்காகப் போராடிய ஃப்ரெடரிக் டக்ளஸைத் தலைவராக்கினார்கள். அவர் தன் பணத்தில் 10,000 டாலர் போட்டும் நிற்கவில்லை. 1874-ல் மூடியபோது சுமார் 61,000 பேரின் பணம், கிட்டத்தட்ட 30 லட்சம் டாலர், உள்ளே மாட்டிக்கொண்டது. பலருக்குப் பாதிகூடத் திரும்பி வரவில்லை.

13-ஆவது திருத்தத்திலேயே ஒரு ஓட்டை இருக்கிறது: 'குற்றத்துக்குத் தண்டனையாக அன்றி' என்ற விலக்கு. மிசிசிப்பி 1876-ல் ஒரு சட்டம் போட்டது, ஒரு பன்றியைத் திருடினாலும் பெருந்திருட்டு என்று சிறைக்கு அனுப்ப. சிறைக்குப் போனவர்களைத் தோட்டத்துக்கும் ரயில்பாதை வேலைக்கும் ஆள்கணக்கில் குத்தகைக்கு விட்டார்கள். அடிமை செத்தால் எஜமானுக்கு நஷ்டம். குத்தகைக் கைதி செத்தால் இன்னொரு கைதி வருவான்.

---

மதுரை வக்கீல் எழுதியது:

கரோலினாவாசி, அந்த 1878 தீர்ப்பு எனக்குத் தெரியாது. நேற்று இரவே தேடிப் படித்தேன். உங்களுக்கு ஒரு பாயிண்ட் கொடுத்துவிடுகிறேன். வரி ஏலத்துப் பத்திரத்தைக் காப்பாற்றிய அதே நீதிமன்றம், கோல்ஃபாக்ஸில் உயிரைக் காப்பாற்றவில்லை. சொத்துரிமை என்றால் அந்த நீதிபதிகளுக்குக் காது கேட்டது. அது வாசகி அம்மாவின் வாதத்துக்குத்தான் போய்ச் சேருகிறது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனாலும் முழுக்க விட்டுக்கொடுக்க மாட்டேன். காவல் இருந்தபோது எல்லாம் மாறியது என்பதற்கும் சாட்சி உண்டு. கூ க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி ரகசியக் கூட்டம் தென் கரோலினாவின் மலையோர மாவட்டங்களில் ராத்திரி ராத்திரியாக வீடு புகுந்து அடித்துக் கொன்றுகொண்டிருந்தது. 1871-ல் ஜனாதிபதி கிராண்ட் ஒன்பது மாவட்டங்களில் ஆட்கொணர்வு மனு உரிமையை நிறுத்திவைத்து, படையை அனுப்பி, நூற்றுக்கணக்கானவர்களைப் பிடித்தார். நீதித்துறை என்று ஒரு துறையே 1870-ல்தான் தொடங்கியிருந்தது. அட்டர்னி ஜெனரல் அகர்மன், தானே ஜார்ஜியாவில் தென்படையில் பணிபுரிந்தவர், இதை வெறியோடு நடத்தினார். கிளான் அடங்கியது. 1872 தேர்தல் அமைதியாக நடந்தது. முடியாத காரியம் இல்லை என்று இதுவே காட்டுகிறது.

நாலே வருஷம் கழித்து, 1875-ல் தேர்தல் வன்முறையை அடக்க மிசிசிப்பி கவர்னர் ஏம்ஸ் மத்திய அரசிடம் படை கேட்கிறார். கறுப்பின வாக்காளர்கள் பெரும்பான்மையாக இருந்த மாநிலம். ஒவ்வொரு இலையுதிர் காலமும் இந்தக் கலவரம்தான், மக்களுக்கு அலுத்துவிட்டது என்று பதில் போகிறது. அந்தத் தேர்தலில் சில ஊர்களில், கறுப்பினத்தவர் ஆதரித்த குடியரசுக் கட்சிக்கு விழுந்த ஓட்டுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அலுப்பு. எதிரியின் துப்பாக்கியைவிட அந்த அலுப்பை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை. ஜனாதிபதி தேர்தல் தகராறைத் தீர்த்துப் படையை விலக்கிய 1877 பேரத்தில் நடந்ததெல்லாம், ஏற்கெனவே விட்டுவிட்ட கையை வெளிப்படையாக விரித்துக் காட்டியதுதான்.

---

புதுப்பாதை எழுதியது:

இவ்வளவும் தோற்றுப்போனது என்றால் எதுவுமே மிஞ்சவில்லையா?

---

கரோலினாவாசி எழுதியது:

மிஞ்சியது தம்பி. என் மகள் சார்லஸ்டனில் ஒரு ஆஸ்பத்திரியில் பிறந்தாள். நாங்கள் இருவரும் அப்போது விசாவில் இருந்தவர்கள். அவள் பிறந்த நொடியிலேயே அமெரிக்கக் குடிமகள், 14-ஆவது திருத்தத்தின் முதல் வரியால். விடுதலை பெற்ற அடிமைகளின் பிள்ளைகளை யாரும் நாடற்றவர் ஆக்கிவிடக் கூடாது என்பதற்காக எழுதிய வரி அது. 1898-ல் சீனப் பெற்றோருக்கு சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த வோங் கிம் ஆர்க் அதைக் கொண்டுதான் வழக்கில் ஜெயித்தார். 2025 ஜனவரியில் அந்த வரியைச் சுருக்க ஒரு ஆணை வந்தபோது எங்கள் வாட்ஸப் குழுவில் பிரசவ தேதி பார்த்துப் பயந்தவர்கள் எத்தனை பேர்! அவர்களில் பலருக்கு எடிஸ்டோவோ ஃப்ரேசியரோ தெரியாது. இந்த இழையை அந்தக் குழுவில் போட்டிருக்கிறேன்.

---

ஆய்வு மாணவி எழுதியது:

இன்னொன்று மிஞ்சியது, குடும்பம். சர்ச் பத்திரிகைகளில் அந்த மக்கள் 'தகவல் தேவை' என்று விளம்பரம் போட்டார்கள். அம்மா பெயர், எந்த ஊரில் எந்த எஜமானிடம் இருந்தோம், எந்த வருஷம் எந்த வியாபாரிக்கு விற்கப்பட்டாள், அப்போது எனக்கு என்ன வயது. போதகர்கள் ஞாயிற்றுக்கிழமை அதைச் சபையில் வாசிப்பார்கள். வில்லனோவா பல்கலைக்கழகத்தில் ஆயிரக்கணக்கில் திரட்டி வைத்திருக்கிறார்கள். 1900 தாண்டியும் விளம்பரங்கள் வருகின்றன. போர் முடிந்து நாற்பது வருஷம் ஆன பிறகும் தேடியிருக்கிறார்கள். ஒரு நாளில் இருபதுக்கு மேல் என்னால் படிக்க முடிவதில்லை.

---

கரிசல் வாசகி எழுதியது:

வக்கீல் சார், என் வாதத்தைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். எடிஸ்டோவில் நிலம் இருந்தது, பத்திரம் இல்லை. ஹெலினாவில் இரண்டும் இருந்தன. சட்டத்தின் பாதுகாப்பு இல்லாத நிலம் ஒரே சுற்றறிக்கையில் போய்விடும் என்பதை நான் முதலில் சொல்லும்போது யோசிக்கவில்லை.

கரோலினாவாசி, ஒன்று கேட்க வேண்டும். அந்தத் தீவு நிலம் இன்றும் அந்தக் குடும்பங்களிடம்தான் இருக்கிறதா?

---

கரோலினாவாசி எழுதியது:

கொஞ்சம் இருக்கிறது அக்கா. நிறையப் போய்விட்டது. தாத்தா உயில் எழுதாமல் செத்திருப்பார். நிலம் பிரிக்காமல் வாரிசுகள் எல்லோர் பெயரிலும் பொதுவாக நிற்கும். நாலு தலைமுறையில் ஐம்பது அறுபது பங்காளிகள். எங்கோ வடக்கே இருக்கும் ஒரு பங்காளியிடம் ரியல் எஸ்டேட்காரர் அவர் பங்கை மட்டும் வாங்கிக்கொண்டு, கோர்ட்டில் பாகப்பிரிவினை கேட்பார். கோர்ட் முழு நிலத்தையும் ஏலத்துக்கு விட்டுவிடும். பக்கத்துத் தீவான ஹில்டன் ஹெட்டில் இன்று கோல்ஃப் மைதானம் இருக்கும் இடமெல்லாம் ஒரு காலத்தில் யாருடைய கிழங்குத் தோட்டம் என்று அங்கே பிறந்த பெரியவர்கள் கைகாட்டிச் சொல்வார்கள்.

இதைத் தடுக்க 2016-ல் மாநிலத்தில் ஒரு சட்டம் வந்தது. ஏலம் விடுவதற்கு முன் நியாய விலை மதிப்பிட வேண்டும், மற்றப் பங்காளிகளுக்கு அந்தப் பங்கை வாங்கிக்கொள்ள முதல் உரிமை தர வேண்டும். அந்தச் சட்டத்துக்கு க்ளெமென்டா பிங்க்னியின் பெயரை வைத்திருக்கிறார்கள். மாநில செனட்டர், சார்லஸ்டன் இமானுவேல் தேவாலயத்தின் போதகர். 2015 ஜூன் 17 அன்று வேதபாட வகுப்பில் வெள்ளை இனவெறியன் ஒருவன் சுட்டுக் கொன்ற ஒன்பது பேரில் அவரும் ஒருவர்.

போர் முடிந்ததும் அதே சபையைத் திரும்பக் கட்டி எழுப்பிய போதகர் ரிச்சர்டு கெய்ன். 1868-ல் மாநில அரசியல் சட்டம் எழுதக் கூடிய மாநாட்டில் உறுப்பினர், பிறகு காங்கிரஸ் சபையிலும் இருந்தவர். அந்த மாநாட்டில் எழுந்து, விடுதலை பெற்றவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுக்க மத்திய அரசிடம் பத்து லட்சம் டாலர் கடன் கேட்போம் என்று தீர்மானம் கொண்டுவந்தது அவர்தான்.